யான்சியா, ரூயியா? ஒரே அந்தப்புரம், நேரெதிர் இரண்டு கதைகள்

சீன அரண்மனைத் தொடர் எதையாவது பார்க்கலாமா என்று கேட்டால், ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு ‘யான்சி அரண்மனையின் கதை’, மறு கட்சிக்கு ‘ரூயி’. இரண்டும் வெளிவந்தது 2018இல்தான். யான்சி ஜூலை 19 அன்று ஐச்சியி என்ற இணையக் காணொளித் தளத்தில் தொடங்கியது, 70 எபிசோடு. அது ஊரையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 20 அன்று, போட்டித் தளமான டென்சென்ட் வீடியோவில் ரூயி வந்து இறங்கியது, 87 எபிசோடு. அதன் படப்பிடிப்பு முந்தைய ஆண்டே முடிந்திருந்தது. வெளியீடுதான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இரண்டுக்கும் களம் சிங் வம்சத்துப் பேரரசர் சியென்லாங்கின் அந்தப்புரம். பட்டத்தரசியும் துணைவியரும் பெரும்பாலும் அதே ஆட்கள். ஆனால் ஒன்றில் நாம் யாருக்காகக் கைதட்டுகிறோமோ, அவளேதான் மற்றதில் நாம் சபிக்கும் வில்லி. யான்சியின் நாயகி வெய் யிங்லுவோவும் ரூயியின் கொடுமைக்காரி வெய் யான்வானும் வரலாற்றில் ஒரே பெண். யான்சியில் கடைசிவரை மிரட்டும் பட்டத்தரசி நாராதான், மறு தொடரில் நெஞ்சை அறுக்கும் ரூயி.

வரலாறு இதற்கு வசதியாகத்தான் இடம் விட்டு வைத்திருக்கிறது. சியென்லாங் 1735இல் அரியணை ஏறி 1796 வரை ஆண்டார். அவருடைய முதல் பட்டத்தரசி ஃபூச்சா 1748இல், ஷாண்டோங் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் டெசோவில் இறந்தார். 1750இல் அந்த இடத்துக்கு வந்தவர் நாரா. 1765இல் பேரரசருடன் தெற்குப் பயணம் போனபோது ஹாங்சோவில் என்னவோ நடந்தது. நாரா தன் கூந்தலை வெட்டிக்கொண்டார் என்று பேரரசரே பிற்பாடு சொன்னார். சிங் அரச குடும்பத்தின் மஞ்சு இன மரபில் ஒரு பெண் கூந்தலை வெட்டுவது கணவனோ மாமியாரோ இறந்தால்தான். உயிரோடு இருக்கும் பேரரசரை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் என்ன பொருள் என்று அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவரைத் தலைநகருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு இறந்தபோது பட்டத்தரசிக்குரிய சடங்கு இல்லை, தனிக் கல்லறையும் இல்லை. இன்னொரு துணைவியின் கல்லறையில் ஓர் ஓரமாக வைத்தார்கள்.

அதே 1765இல்தான் வெய், பட்டத்தரசிக்கு அடுத்த படிக்கு உயர்த்தப்பட்டார். அரண்மனைப் பணிக்குடியில் பிறந்த பெண்ணுக்கு அது எட்டாத உயரம். 1775இல் அவர் இறந்தார். 1795இல் அவருடைய மகன் வாரிசாக அறிவிக்கப்பட்டபோது, இறந்துபோன தாய்க்கும் பட்டத்தரசிப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு அந்த மகன் ஜியாசிங் பேரரசரானார். ஒருத்தி சரிந்த ஆண்டிலேயே இன்னொருத்தி ஏறியிருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவு இல்லை. இரண்டு தொடர்களும் அந்த இடைவெளியில்தான் கூடாரம் போட்டிருக்கின்றன.

யான்சி வேகமான தொடர். அக்காவின் சாவுக்குக் காரணமானவர்களைத் தேடி, பூவேலைக் கூடத்துப் பணிப்பெண்ணாக அரண்மனைக்குள் நுழைகிறாள் யிங்லுவோ. அடி வாங்கினால் அழுதுகொண்டு நிற்கிற ரகம் இல்லை, இரண்டு எபிசோடுக்குள் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். நம்மூர் சீரியலில் ஆறு மாதம் இழுக்கும் ஒரு சதியை இங்கே மூன்று எபிசோடில் விரித்துச் சுருட்டி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆண்டு உலக அளவில் கூகுளில் மிக அதிகம் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடராக இது இருந்ததற்கு இந்த வேகம் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வேகத்துக்காக வரலாற்றின் கழுத்தையும் கூசாமல் நெரிக்கிறார்கள். பேரரசரின் தம்பி ஹோங்சோவின் தாய் தொடரில் யிங்லுவோவின் ஏற்பாட்டில் இடி விழுந்து சாகிறாள். நிஜத்தில் அந்த அம்மையார் தொண்ணூறைத் தாண்டி, வெய்க்கும் பத்தாண்டு பிந்தித்தான் கண்ணை மூடினார். பட்டத்தரசி ஃபூச்சா தொடரில் மகனைப் பறிகொடுத்த துயரத்தில் மாடத்திலிருந்து குதிக்கிறாள். காட்சி உலுக்கிவிடும், ஆனால் நடந்தது அதுவல்ல. அவர் தம்பி ஃபூஹெங்குக்கும் யிங்லுவோவுக்குமான காதலும் முழுக் கற்பனை.

இதையெல்லாம் வைத்து யான்சியை வெறும் கட்டுக்கதை என்று தள்ளுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தொடரின் உயிர்நாடி, பணிப்பெண் யிங்லுவோவைப் பட்டத்தரசி ஃபூச்சா தங்கைபோல் பாவித்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பகுதி. அதற்கு ஆதாரம் உண்டு. வெய் இறந்தபின் சியென்லாங் எழுதிய கவிதைக் குறிப்பு ஒன்றில், இவர் பட்டத்தரசியால் வளர்த்துப் பழக்கப்பட்டவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஃபூச்சா நகைகளை ஒதுக்கி எளிய பூக்களைச் சூடியவர் என்பதும் பதிவில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தொடரில் பட்டு நூலால் செய்த பூக்களை அவருக்குச் சூட்டியிருக்கிறார்கள். சின் லான் அந்த வேடத்தில் நடக்கும் அழகுக்காகவே முதல் 40 எபிசோடைப் பார்க்கலாம். அவர் போனபின் தொடரில் ஏதோ ஒரு விளக்கு அணைந்ததுபோல் ஆகிவிடுகிறது.

ரூயிக்கு வந்தால் காற்றே மாறிவிடும். இங்கே சதி என்பது ஒரு சம்பவம் அல்ல, பருவநிலை. பரிசாக வந்த வளையலை ஆண்டுக்கணக்கில் கையில் போட்டுக்கொண்டிருக்கிறாள் ரூயி, கருத்தரிக்க விடாத மருந்து அதற்குள் இருப்பது தெரியாமல். கொடுத்தது பட்டத்தரசி ஃபூச்சா. ஆனால் பட்டத்தரசியின் நிழலில் நின்றுகொண்டு இன்னொரு துணைவி செய்யும் வேலைகள் அதைவிட மோசம். கருவுற்ற பெண்களின் உணவில் சிந்தூர நஞ்சு கலந்த வழக்கு வருகிறது. செய்யாத குற்றத்துக்கு ரூயி கைவிடப்பட்டோர் மாளிகைக்குப் போகிறாள். உண்மை வெளிவருவதற்குள் நமக்கே அலுப்புத் தட்டிவிடும். ஆனால் அந்த அலுப்புத்தான் அந்த இடத்தின் நிஜம்.

சிங் அந்தப்புரத்தில் பட்டத்தரசி ஒருவர், அடுத்த படியில் ஒருவர், பிறகு இருவர், நால்வர், அறுவர் என்று மேல்படிகளில் இடம் எண்ணி வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எண்ணிக்கை இல்லை. மேலே ஒருத்தி செத்தாலோ சரிந்தாலோதான் கீழே இருப்பவளுக்கு இடம். இந்தக் கணக்கை ரூயி தொடர் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. அதில் யாரும் பிறவிக் கெட்டவர்களாகத் தொடங்குவதில்லை. மகனின் எதிர்காலம், பிறந்த வீட்டின் மானம், ஒரு படி ஏற்றம் என்று ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது.

இரண்டு தொடர்களின் ஆழமான வித்தியாசம் பேரரசரிடத்தில்தான். யான்சியில் நியெ யுவானின் சியென்லாங் முன்கோபி, கொஞ்சம் கோமாளி, கடைசியில் நாயகியிடம் தோற்பதற்கென்றே படைக்கப்பட்டவர். ரூயியில் வாலஸ் ஹுவோ நடித்த சியென்லாங் அப்படியல்ல. இளம் வயதில் காதலியின் பக்கம் சாய்ந்து பேசும் அதே மனிதர், அதிகாரம் கூடக் கூட யாரையும் நம்ப முடியாதவராக ஆகிறார். மனைவியைக் காத்த காவலன் மேல் சந்தேகம் வந்ததும் அவனை அலியாக்கி அவளுக்கே பணியாளாக அனுப்புகிறார். அந்த எபிசோடுக்குப் பிறகு இந்தத் தொடரின் வில்லன் யார் என்று கேட்கவே தேவையில்லை. இதைச் சொல்லும் துணிவு யான்சிக்கு இல்லை. அங்கே கெட்டவர்கள் ஒவ்வொருவராகத் தொலைந்தால் போதும், அரண்மனை சரியாகிவிடும்.

ரூயியின் பெரிய ஓட்டையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரு நியாயம் வைத்த கதை, வெய் யான்வானுக்கு வந்ததும் கையை விரித்துவிட்டது. ஏழ்மையிலிருந்து ஏற ஆசைப்பட்ட பெண் என்று நன்றாகத்தான் தொடங்குகிறாள். பாதிக்குமேல் கொலை, பொய், மறுபடி கொலை என்று ஒரே தாளம். ரூயியை மாசற்றவளாகக் காட்ட வேண்டும் என்பதற்காக எல்லாக் கறையையும் ஒரே ஆளின் மேல் கொட்டியதுபோல் இருக்கிறது. கடைசி 20 எபிசோடு இழுவை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

நடிப்பு, ஆடை விஷயங்களில் இரண்டும் பணத்தைக் கொட்டியவை. யான்சியின் சாம்பல் பூசியதுபோன்ற மங்கலான நிறங்களும், மஞ்சு வழக்கப்படி ஒரு காதில் மூன்று தோடுகளும் கண்ணுக்கு விருந்து. ரூயியில் ஜோ ஷுன் நாற்பதைத் தாண்டிய வயதில் பதின்பருவப் பெண்ணாக வரும் தொடக்க எபிசோடுகளைப் பலர் கேலி செய்தார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் மனம் விட்டுப்போன நாற்பது வயதுப் பட்டத்தரசியாக அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகளுக்கு யான்சியில் ஈடு கிடையாது.

இரண்டும் சேர்ந்து தவறவிட்டது நாட்டின் அரசியல். அந்தக் காலத்தில்தான் ஜின்சுவான் போர் நடந்தது. 1750களில் சுங்கார்கள் என்ற மேற்கு மங்கோலியரை அழித்து மேற்கே பேரரசு விரிந்தது. ஃபூஹெங் பேரரசரின் உயர் ஆலோசனை மன்றத்தில் தலையாய இடத்தில் இருந்தவர், பர்மா படையெடுப்புக்குப் போய் நோயோடு திரும்பி 1770இல் இறந்தவர். இவை இரண்டு தொடர்களிலும் யாரோ ஒரு ஆண் ஊரில் இல்லாததற்கான காரணமாக மட்டும் வந்துபோகின்றன. இத்தனைக்கும், 2019 தொடக்கத்தில் அரசுசார் நாளிதழ் ஒன்று இத்தகைய அரண்மனைத் தொடர்கள் ஆடம்பரத்தையும் சூதையும் வளர்ப்பதாகத் தாக்கி எழுதியது. சேனல்கள் மறுஒளிபரப்பை நிறுத்திக்கொண்டன. பாதி நாட்டு அரசியலைக்கூடத் தொடாத தொடர்களுக்கே அந்தக் கதி.

எனக்கு ரூயிதான் பெரிய படைப்பு. ஆனால் புதிதாக வருபவர் கையில் அதைத் தரமாட்டேன். முதலில் யான்சி. பதவிப் படிகள், மாளிகைப் பெயர்கள், யார் யாருக்குத் தலைவணங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வலிக்காமல் பழகிவிடும். பிறகு ரூயிக்குப் போனால், அன்று நாம் கைதட்டிய அதே வெய் நஞ்சு குடித்துத் துடிக்கும்போது நம் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கும் சுவாரசியமும் சேர்ந்துகொள்ளும். வரிசையை மாற்றிப் பார்த்தால் யான்சி சப்பென்று போய்விடும். நேரமே இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால், ரூயி தொடரில் நாயகி கைவிடப்பட்டோர் மாளிகைக்குப் போகும்வரை பாருங்கள். அங்கேயும் பிடிபடவில்லை என்றால் அது உங்களுக்கான தொடர் இல்லை, மிச்சத்தை விட்டுவிடலாம்.