டிஏஜி இருந்தது, பேக்கப் இல்லை: எக்ஸ்சேஞ்ச் பராமரிப்பு ஒப்பந்தம் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அலுவலக மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், மெயில் சர்வரைப் புதுப்பித்துத் தருகிறோம், பேக்கப்பையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பலர் கொட்டேஷனுடன் வருகிறார்கள். அத்தகைய ஒரு நிறுவனம் எங்கள் அலுவலகத்துக்குச் செய்ததை எழுதுகிறேன்.

எக்ஸ்சேஞ்ச் 2016-இல் இரண்டு சர்வர்கள் கொண்ட டிஏஜி, அதனுடன் தினசரி பேக்கப் என்று சொல்லி, இரண்டுக்கும் தனித்தனியே பணம் வாங்கினார்கள். டிஏஜி (டேட்டாபேஸ் அவைலபிலிட்டி குரூப்) என்பது, டேட்டாபேஸின் மாற்றங்களைப் பதிந்து ஒரு சர்வரில் எழுதப்படும் 1 எம்பி லாக் கோப்புகளை மற்றொன்றுக்கு அனுப்பி, அங்குள்ள டேட்டாபேஸிலும் அதே மாற்றங்களைச் செய்யும் ஏற்பாடு. ஒரு சர்வர் படுத்தால் மற்றது ஓடும், ஆனால் ஒருவர் அழித்த மெயில் அங்கும் அழியும். எங்களுக்கோ அந்தப் பாதுகாப்பும் அரைகுறைதான், ஏனெனில் இரண்டு சர்வர்களின் டிஸ்க்குகளையும் ஒரே ஸ்டோரேஜில் வைத்திருந்தார்கள்.

பேக்கப்பில் நடந்ததுதான் உண்மையான மோசடி. எக்ஸ்சேஞ்சை அறிந்த பேக்கப் மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளைச் சீராக நகலெடுக்க உதவும் விண்டோஸின் விஎஸ்எஸ் சேவை வழியாக டேட்டாபேஸையும் லாக்குகளையும் சேர்த்து எடுத்து, முழு பேக்கப் முடிந்ததை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்கும். அதன் பிறகே தேவையற்ற பழைய லாக்குகள் நீக்கப்படும். இவர்கள் அந்த வசதியை அணைத்துவிட்டு வெர்ச்சுவல் மெஷினின் படிமத்தை மட்டும் எடுத்தார்கள், அதிலும் இடத்தை மிச்சப்படுத்த லாக் டிரைவை விலக்கிவிட்டார்கள். லாக்குகள் நீங்காமல் டிரைவ் நிரம்பி டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆகி மெயில் நின்றபோது, பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாக்குகளை நீக்கிவிடும் சர்க்குலர் லாகிங்கை இயக்கிவிட்டு, சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘லாக் கிளீனப் முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிச் சென்றார்கள். பச்சை நிறத்தில் ‘சக்சஸ்’ என்ற தினசரி அறிக்கை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஸ்டோரேஜ் பழுதானபோது இரண்டு சர்வர்களும் சேர்ந்தே போயின. பேக்கப்பிலிருந்து மீட்ட கோப்பை எக்ஸ்சேஞ்சின் டேட்டாபேஸ் கருவியான ஈஎஸ்இயூடிலால் பார்த்தால் ‘டர்ட்டி ஷட்டவுன்’, அதாவது லாக்குகளில் உள்ள மாற்றங்கள் இன்னும் சேராத நிலை, என்று காட்டியது. கீழேயே எந்த எண் முதல் எந்த எண் வரை லாக் வேண்டும் என்றும் இருந்தது. அந்த லாக்குகள் எந்த பேக்கப்பிலும் இல்லை. அப்போதாவது கோப்பின் ஒரு நகலை ஒதுக்கி வைத்திருக்கலாம். இவர்கள் எங்களைக் கேட்காமலே, இருந்த ஒரே கோப்பின் மீது ‘/p’ ரிப்பேரை ஓட்டினார்கள். படிக்க முடியாத பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திறக்க வைக்கும் கடைசி வழி அது. டேட்டாபேஸ் மவுண்ட் ஆனது. ஆனால் பல மெயில்களில் தலைப்பு மட்டும் இருந்தது, இணைப்புகள் திறக்கவில்லை, சில ஃபோல்டர்களைக் காணவே இல்லை. இந்த வேலைக்கு ‘டேட்டா ரெக்கவரி’ என்று தனி பில் வேறு.

ஓரளவு காப்பாற்றியது ஊழியர்களின் கணினிகளில் அவுட்லுக் வைத்திருந்த மெயில்பாக்ஸ் நகல்களான ஓஎஸ்டி கோப்புகள்தான். புதிய மெயில்பாக்ஸுடன் அவுட்லுக் இணைந்துவிட்டால் பழைய ஓஎஸ்டி கைவிட்டுப் போகக்கூடும் என்பதால், நெட்வொர்க்கைத் துண்டித்து, ஆஃப்லைனில் திறந்து, ஒவ்வொன்றாக, தனியே திறக்கக்கூடிய பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்தோம். அவுட்லுக் எத்தனை மாத மெயிலை வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்ததோ அவ்வளவுதான் கிடைத்தது. வெப் மெயிலை மட்டும் பயன்படுத்தியவர்களுக்கு அதுவும் இல்லை.

உங்களிடம் இப்படி ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், எக்ஸ்சேஞ்சின் கட்டளைத் திரையான எக்ஸ்சேஞ்ச் மேனேஜ்மெண்ட் ஷெல்லில் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ‘லாஸ்ட் ஃபுல் பேக்கப்’ தேதியை உங்கள் முன்னிலையில் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த இடம் வெறுமையாகவே இருந்திருக்கிறது. சர்க்குலர் லாகிங் இயங்குகிறதா, லாக் டிரைவ் பேக்கப்பில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தேதி இருந்தாலும் அதோடு விடாமல், மீட்புக்கென்றே தனியாக உருவாக்கும் ரெக்கவரி டேட்டாபேஸ் ஒன்றில் பேக்கப்பை மீட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரின் மெயில்பாக்ஸை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவையை இது பாதிக்காது, ஆகையால் ‘புரொடக்‌ஷனைத் தொட முடியாது சார்’ என்ற சாக்கை ஏற்க வேண்டாம். புதியவர்களுடன் நாங்கள் போட்டுள்ள ஒப்பந்தத்தில், இந்தச் சோதனை காலாண்டுக்கு ஒருமுறை நடந்து, எங்கள் ஆள் மெயிலைத் திறந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அந்தக் காலாண்டின் தொகை வழங்கப்படும் என்று எழுதியிருக்கிறோம்.