பியூர் டேட்டா: பல வருடம் பழகியபின் சொல்வது

கணினியில் பாட்டு அமைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் பியூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளைப் பரிந்துரைப்பதில்லை. சத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், அது எப்படி உருவாகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பெயரைச் சொல்வேன். இந்த வித்தியாசம் புரியாமல் இறக்கி வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. திறந்தால் வருவது ஒரு வெற்றுத் திரை. டிராக் இல்லை, டைம்லைன் இல்லை, தயாராக வைத்த டிரம் லூப் ஒன்றும் இல்லை. பெட்டி போட்டு, அதில் ஒரு பெயரை டைப் செய்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுக்க வேண்டும். தோற்றமும் தொண்ணூறுகளிலேயே நின்றுவிட்டது.

எண்பதுகளின் நடுவில் பாரிஸில் உள்ள இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் என்பவர் மேக்ஸ் என்ற மென்பொருளை எழுதினார். 1957இல் பெல் ஆய்வகத்தில் கணினியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸின் பெயர்தான் அது. மேக்ஸ் பிற்பாடு காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. பக்கெட் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போனபின் தொண்ணூறுகளில் புதிதாக எழுதியதுதான் பியூர் டேட்டா. இது இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில்கூட ஓடும். நான் பெரும்பாலும் பழைய லேப்டாப்பில்தான் வைத்திருக்கிறேன், குறையொன்றுமில்லை. நிஜ மாடுலர் சிந்தசைசர் (இதேபோலப் பெட்டிகளைக் கம்பியால் இணைக்கும் மின்னணு இசைக்கருவி) ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்க வரியும் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் நாள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சீரான அதிர்வை உண்டாக்கும் ஓர் ஆசிலேட்டர் பெட்டி, அதற்கு 110 என்ற எண் (விநாடிக்கு இத்தனை அதிர்வு, அதாவது ஹெர்ட்ஸ்), சத்தத்தைக் குறைக்க ஒரு பெருக்கல் பெட்டி, கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும் டாக் பெட்டி. ஊ என்று ஒரே சுரம். அடுத்து இன்னோர் ஆசிலேட்டர் போட்டு 110.3 என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தள்ளியும் அணைத்தும், மூன்று விநாடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். இப்படி ஏழெட்டு ஆசிலேட்டர்களை 110க்குப் பக்கத்திலும் அதன் மடங்குகளுக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டால், ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.

எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் கேட்கும் காதுதான். எலியான் ராடிக் என்ற பிரெஞ்சுப் பெண்மணி எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 2000 வரை ஏஆர்பி 2500 என்ற ஒரே சிந்தசைசரை வைத்துக்கொண்டு மிக நீளமான, மிக மெதுவான இசையை உருவாக்கினார். முன்பு கேட்டபோது, ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தை ஏன் ரெக்கார்டு செய்திருக்கிறார்கள் என்று எழுந்துவிட்டேன். அந்த 110.3 விளையாட்டை நானே செய்து பார்த்தபின், அதே இசையில் எங்கே எந்த அதிர்வு விலகுகிறது, எது மெல்ல உள்ளே வருகிறது என்று காது தானாகவே தேட ஆரம்பித்தது. தம்புராவின் குதிரையில் நூலை நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தைத் தேடுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் பயிற்சி இல்லாமலே ராடிக்கைக் கேட்டுவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி நான் அதிக நேரம் செலவழித்த விஷயத்துக்கு வருகிறேன்: மீட்டிய தந்தியைக் கணினியில் செய்வது. 1983இல் வெளிவந்த கார்ப்லஸ்–ஸ்ட்ராங் முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. ஒரு நொடிப்பொழுது வெறும் இரைச்சலை, ஒலியைச் சற்றுத் தாமதித்து வெளியே விடும் ஒரு டிலே லைனுக்குள் அனுப்ப வேண்டும். வெளியே வருவதைக் கொஞ்சம் மழுக்கித் திரும்ப உள்ளேயே விட வேண்டும். அவ்வளவுதான், தந்தி பிறந்துவிடும். டிலே சுமார் 9.09 மில்லிவிநாடி என்றால் 110 ஹெர்ட்ஸ் சுரம். மழுக்கல் அதிகமானால் நைலான் தந்தி, குறைவானால் உலோகம். இழப்பே இல்லாமல் சுழலவிட்டால், நிற்காமல் ஒலிக்கும் விசித்திரமான ஒன்று கிடைக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக ஓரிடத்தில் சுரம் ஏற மறுக்கும். காரணம், பியூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் (ஒலியைக் குறிக்கும் அளவெண்கள்) கொண்ட கட்டுகளாகத்தான் கணக்கிடுகிறது. திரும்பச் சுழலும் டிலே ஒரு கட்டைவிடக் குறுகலாக இருக்க முடியாது. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால், அதை 64ஆல் வகுத்தால் 689 ஹெர்ட்ஸ். அதுதான் கூரை. அந்தத் தந்தியை மட்டும் தனி சப்பேட்சில், அதாவது உள்ளே திறக்கும் ஒரு சிறு திரையில் வைத்து, அங்கே பிளாக் அளவை (கட்டின் அளவை) 1 என்று மாற்றினால் கூரை போய்விடும், ஆனால் பிராசஸருக்கு வேலை கூடும். வேறு மென்பொருளில் இதெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும், நமக்குத் தெரியவே வராது. இங்கே எல்லாம் தலையில் முட்டும். எனக்கு அது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை.

அப்புறம் வெளிச்சத்தங்கள். எலக்ட்ரானிக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பீசோ தகட்டில் ஒயர் பற்ற வைத்தால், பொருளில் ஒட்டி அதன் அதிர்வையே வாங்கும் கான்டாக்ட் மைக் தயார். சாதாரண மைக் இன்புட்டில் நேரடியாகச் சொருகினால் கீழ்ஸ்தாயி காணாமல் போகும். கிட்டாருக்கான ஹை-இம்பிடன்ஸ் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) வேண்டும். வெட் கிரைண்டரின் பக்கவாட்டில் அதை ஒட்டி, மாவு அரைபடும்போது உள்ளே வாங்கி டிலேயிலும் ஃபில்டரிலும் விட்டுப் பாருங்கள். கல் உருளும் தாளம் ஒரு பக்கம், மோட்டாரின் ரீங்காரம் ஒரு பக்கம். நம் ஈபி கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50, 100 என்றுதான் நிற்கும். மேற்கத்தியக் கணக்கில் ஜி சுரத்தைவிட 35 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு மேலே. இந்த ரீங்காரத்தை ஒழிக்கப் போராடுவதை ஒருகட்டத்தில் விட்டுவிட்டு, ஆசிலேட்டர் எல்லாவற்றையும் 50க்கே சுருதி சேர்த்துவிட்டேன். ஈபியே ஸட்ஜம் பிடிக்கும்போது நாம் ஏன் சண்டை போட வேண்டும்?

கமகம் வருமா என்று கேட்பார்கள். இதில் சுர எண் (கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள எண்) முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 60.5, 60.37 என்று எதையும் கொடுக்கலாம், எம்டாஃப் பெட்டி அதை ஹெர்ட்ஸாக மாற்றிவிடும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நேர்கோட்டில் இழுத்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் வரும். வளைவை ஒரு அரேயில் (எண்களின் வரிசையில்) மவுஸால் வரைந்து அதைப் படிக்கவைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. கச்சேரி வாசிக்க இது உதவாது என்று சொல்லிவிடுகிறேன்.

நம் ஊருக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு தகவல். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். அங்கே இந்திய இசையமைப்பாளர்கள் செய்த பதிவுகளை பால் பர்காஸ் என்ற கலைஞர் தேடி எடுத்தார்; அவை 2023இல் தொகுப்பாக வெளிவந்தன.

எரிச்சலூட்டும் விஷயங்களும் உண்டு. கட்டளைகள் வலமிருந்து இடமாக ஓடும்; பெரும்பாலான பெட்டிகளில் இடதுபக்க வாய்தான் வேலையைத் தொடங்கி வைக்கும். எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தும் டிரிகர் என்ற பெட்டியைச் சீக்கிரம் பழகாவிட்டால், ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாமல் இரவுகள் போகும். சாதாரண எண் பெட்டியில் வைத்த மதிப்பு, கோப்பை மூடித் திறந்தால் மீண்டும் பூஜ்யம். கோப்பு திறந்ததும் தானாக இயங்கும் லோட்பேங் பெட்டியைப் போட்டு நாமேதான் மதிப்பை அனுப்ப வேண்டும். பிராசஸரில் எத்தனை கோர் இருந்தாலும் வழக்கமாக ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஈடுகட்டுவது உதவிப் பக்கங்கள்: எந்தப் பெட்டியையும் ரைட் கிளிக் செய்து ஹெல்ப் கொடுத்தால் திறப்பது ஓடக்கூடிய ஒரு பேட்ச், அதாவது பெட்டிகளைக் கம்பியால் இணைத்துச் செய்த கோப்பு. அதிலிருந்தே காப்பி எடுத்து ஆரம்பிக்கலாம். பாதிப் படிப்பு எனக்கு அப்படித்தான் நடந்தது.

நீண்டகாலப் பயனாளியாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. பேட்ச் என்பது வெறும் டெக்ஸ்ட் கோப்பு. அடிப்படைப் பெட்டிகளை மட்டும் வைத்துச் செய்த என் பழைய பேட்சுகள் இன்றைய பதிப்பிலும் அப்படியே திறக்கின்றன. பியூர் டேட்டாவோடு கூடுதல் பெட்டிகளையும் சேர்த்துத் தந்த பிடி எக்ஸ்டெண்டட் என்ற தொகுப்பின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. அதன் கூடுதல் பெட்டிகளை நம்பியவை இன்று திறந்தால், கிடைக்காத பெட்டிகளின் ஓரம் கோடு கோடாகத் தெரியும். பியூர் டேட்டாவுக்குள்ளேயே இருக்கும் டெக்கன் என்ற வசதி வழியாகச் சிலவற்றைத் தேடி நிறுவலாம், எல்லாம் கிடைக்காது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஃபீட்பேக் பேட்சை (வெளியே வந்த ஒலி திரும்ப உள்ளே போகும் பேட்சை) திருத்தாதீர்கள். 0.9 என்று டைப் செய்ய நினைத்துப் புள்ளியைத் தவறவிட்டால் காதுக்குள் இடி விழும். டாக் பெட்டிக்கு முன்னால், அளவு மீறினால் வெட்டிவிடும் கிளிப் பெட்டி ஒன்றை எப்போதும் வையுங்கள். கிளிப்பும் அளவைக் கட்டுப்படுத்துமே தவிரச் சத்தம் பலமாகத்தான் இருக்கும். வால்யூமைக் குறைத்தே வையுங்கள்.

புதிதாக வருபவர்கள் டிமோத்தி ஸ்கூன் எழுதும் பிளக்டேட்டா என்ற மென்பொருளில் தொடங்கலாம். உள்ளே இருப்பது அதே பியூர் டேட்டா, முகம் மட்டும் இந்தக் காலத்தது. ரீப்பர் போன்ற, டைம்லைனில் இசையை அடுக்கும் மென்பொருளுக்குள் (டா என்பார்கள்) பிளகினாகவும் ஏறும் என்பதால், டைம்லைன் இல்லாத குறையும் தீர்கிறது. நானும் இப்போது சத்தத்தை அதில் செய்து, அடுக்குவதை ரீப்பரில் வைத்துக்கொள்கிறேன். எல்ஸ், சைக்ளோன் என்ற இரண்டு லைப்ரரிகள் (கூடுதல் பெட்டிகளின் தொகுப்புகள்) பிளக்டேட்டாவோடு சேர்ந்தே வரும். அவற்றின் பெட்டிகளைப் போட்டால், அந்தப் பேட்சைச் சாதாரண பியூர் டேட்டாவில் திறக்க அதே லைப்ரரிகளை அங்கேயும் நிறுவ வேண்டியிருக்கும். அதனால் நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவற்றை அடிப்படைப் பெட்டிகளிலேயே கட்டுகிறேன்.