ரூ.36,800 வாங்கிக்கொண்டு என் மகளைப் பாதி மலையில் கைவிட்டார்கள்: பிள்ளைகளை மலைநடைக்கு அனுப்பும் பெற்றோர் கவனத்துக்கு

கோடை விடுமுறையில் பதின்வயதுப் பிள்ளைகளை இமயமலைக்கு நடைப்பயணம் அழைத்துச் செல்வதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் ரூ.36,800 கட்டி ஏமாற்றப்பட்டிருக்கிறோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. பதினைந்து வயதுப் பெண்ணை, தலைவலியும் வாந்தியுமாக இருந்த நிலையில், சுமை தூக்க வந்த ஓர் இளைஞருடன் தனியாக மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு தகவலும் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பித் தரும்படி மீண்டும் மீண்டும் கேட்டதற்கு, "அடுத்த பயணத்தில் இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறோம்" என்று நேற்று மாலை பதில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் மலைக்குப் போக வேண்டும் என்பது மகளின் நீண்ட நாள் ஆசை. அதற்காகவே சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தேன். அந்த நிறுவனம் தமிழ்நாட்டிலிருந்தே குழுவாகக் கூட்டிச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னது. பணம் கட்டும் முன் பெற்றோர் எல்லோரையும் காணொலிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நல்ல தமிழில், நிதானமாகப் பேசிய ஒருவர், மணாலியில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழைக் காட்டினார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைத் தம் விரலிலேயே மாட்டி, அதில் 98 என்று வந்ததைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி, பெண் பிள்ளைகளுடன் ஒரு பெண் வழிகாட்டி, தினமும் இரவு உணவுக்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கருவியில் அளவு பார்த்துக் குறித்து வைப்பது, முகாமில் ஆக்சிஜன் உருளை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி அக்கா, நான் கூடவே நடப்பேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் பணத்தை அனுப்பினேன். ரூ.36,800-ஐயும் ஒரே தவணையில் கட்டினால் போர்வைப் பையும் காலணியும் வாடகை இல்லாமல் தருவதாகச் சொன்னதால் முழுத் தொகையையும் அன்றே கட்டினேன்.

அந்த மனிதர் பிள்ளைகளுடன் ஓர் அடிகூட நடக்கவில்லை. டெல்லி வரை வந்து பேருந்தில் ஏற்றிவிட்டு, அவசர வேலை என்று சொல்லித் திரும்பிவிட்டார். இமாச்சலப் பிரதேசத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் கசோலில் பிள்ளைகள் இறங்கியபோது அவர்களைப் பொறுப்பேற்றுக்கொண்டது உள்ளூரில் ஆள் பிடித்துத் தரும் வேறொரு ஒப்பந்தக்காரர். அவர் அனுப்பிய இரண்டு வழிகாட்டிகளுக்கும் இந்தி மட்டுமே தெரியும். குழுவில் பாதிப் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. பெண் வழிகாட்டி என்று யாருமே இல்லை. இவ்வளவும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

அவர்கள் போனது சர் பாஸ் பாதை. கசோலில் தொடங்கி கிரஹன் என்ற மலைக்கிராமம், மின் தாச், நாகரு என்று ஏறி, ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயைக் கடந்து பிஸ்கேரி வழியாக பர்ஷைனியில் இறங்கும் பாதை அது. கிரஹன் ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின் தாச் ஏறத்தாழ 3,400 மீட்டர். உயரம் 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவில் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. உடம்பு மெல்ல மெல்லப் பழகினால்தான் காற்றில் குறைந்திருக்கும் ஆக்சிஜனைத் தாங்கும். வயதில் சிறியவர்கள், விளையாட்டில் கெட்டிக்காரர்கள் என்பதெல்லாம் அங்கே உதவாது. பொறுப்பான அமைப்புகள் கிரஹனுக்கும் மின் தாச்சுக்கும் நடுவே பத்ரி என்ற இடத்தில் ஓர் இரவு தங்கவைத்து மறுநாள் ஏறுவதற்குக் காரணம் அதுதான். எங்களுக்குத் தந்த அட்டவணையிலும் பத்ரி முகாம் அச்சில் இருக்கிறது. நடந்ததோ வேறு. ஒரு நாள் சாப்பாட்டுச் செலவையும் கூலியையும் மிச்சம் பிடிப்பதற்காக அந்த முகாமையே எடுத்துவிட்டு, கிரஹனிலிருந்து ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார்கள்.

மின் தாச்சை அடைந்த அன்று மாலையே மகளுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. சாப்பிட முடியவில்லை, இரவில் வாந்தி எடுத்திருக்கிறாள். இவை மலைநோயின் முதல் அறிகுறிகள் என்று அந்தக் காணொலிக் கூட்டத்தில் அவர்களே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி கொடுத்தது ஒரு வலி மாத்திரை மட்டும். விரலில் மாட்டும் கருவி எங்கே என்று அவள் கேட்டதற்கு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். ஆக்சிஜன் உருளை அந்த முகாமில் இருக்கவே இல்லை. விடிந்ததும் மற்றவர்களை நாகருவுக்கு ஏற்றிவிட்டு, இவளையும் இவள் பையையும் அந்தச் சுமை தூக்கும் இளைஞரிடம் ஒப்படைத்து கீழே போகச் சொல்லிவிட்டார்கள். இறக்கியது சரி, உயரத்திலிருந்து இறங்குவதுதான் அதற்கு முதல் மருத்துவம். ஆனால் முதலுதவி தெரிந்த ஒருவர் அவளுடன் இறங்கியிருக்க வேண்டாமா? வழியில் அவள் மயங்கி விழுந்திருந்தால் அந்த இளைஞர் யாரை அழைத்திருப்பார்?

அவர் பெயரைக்கூட மகள் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் மனிதராக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். பையைத் தாம் சுமந்துகொண்டு, இரண்டு வளைவுக்கு ஒரு முறை உட்காரவைத்து, கிரஹனில் ஒரு வீட்டில் கேட்டு வெந்நீர் வாங்கிக் கொடுத்து, கசோலில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு, தம் கைப்பேசியிலிருந்தே எங்கள் எண்ணுக்கு அழைத்து மகளிடம் கொடுத்தார். நிறுவனத்திடமிருந்து அதுவரை ஒரு சொல்கூட வரவில்லை. மகள் கசோலில் அழுதுகொண்டிருந்த அதே நேரத்தில், "பிள்ளைகள் அனைவரும் நலம், மேலே அலைவரிசை இல்லை" என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள்.

என் கணவர் கோவையிலிருந்து விமானத்தில் டெல்லி போய், அங்கிருந்து இரவுப் பேருந்தில் புந்தர் இறங்கிக் கசோல் சேரும்வரை மகளைப் பார்த்துக்கொண்டவர் அந்த விடுதிக்காரரின் மனைவி. குல்லுவில் மருத்துவரிடம் காட்டினோம். நுரையீரலில் நீர் கோக்கவில்லை என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அதன் பிறகு பணத்தைக் கேட்கத் தொடங்கினோம். முதலில் "குழு கீழே வரட்டும், விசாரித்துச் சொல்கிறோம்" என்றார்கள். குழு வந்தது, "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். அடுத்து, வானிலை காரணமாகப் பத்ரி முகாம் நீக்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அன்று வெயில் அடித்ததற்கு மற்றப் பிள்ளைகளின் படங்களே சாட்சி என்று எழுதினேன். உடனே பேச்சு மாறியது: உங்கள் மகள் தானாகவே பயணத்தைக் கைவிட்டதாக வழிகாட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார், பயணத்தைப் பாதியில் விடுவோருக்குப் பணம் கிடையாது என்பது நிபந்தனையில் உள்ளது என்றார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் முடிவைப் பெற்றோரிடம் கேட்காமல் எப்படி ஏற்றீர்கள் என்று கேட்டதும் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். "கூடவே நடப்பேன் அக்கா" என்றவர் இப்போது என் எண்ணை எடுப்பதே இல்லை. ரசீதில் இருந்த முகவரிக்கு நேரில் போனோம். நாற்காலியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பொது அலுவலகம் அது. அப்படி ஒரு நிறுவனம் இப்போது இங்கே இல்லை என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

இதற்கெல்லாம் மேலாக, கிரஹனில் மரவீட்டின் முன் மகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காலாண்டு விடுமுறைப் பயணத்துக்கான விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்கும் கட்டணம் அதே ரூ.36,800. எடுக்கச் சொல்லி எழுதினால் பதில் இல்லை.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. ஆனால் இங்கே பணம் வாங்கி வேறு மாநிலத்து மலைக்குக் கொண்டுபோகிறவர்களிடம் பெற்றோர்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. அவசரமாகச் சில: மலையில் கூட நடக்கப்போகிறவர் யார், அவருடைய சான்றிதழ் எது என்று எழுத்தில் வாங்குங்கள், கூட்டத்தில் பேசுகிறவரின் சான்றிதழ் உங்களுக்குப் பயன்படாது. ஒவ்வோர் இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு முடியாமல் போனால் யார் கூட இறங்குவார், எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். மோசம் போனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம்.

எங்கள் மனு அடுத்த வாரம் போகிறது. இந்த மே மாதம் இதே பாதைக்குப் பிள்ளைகளை அனுப்பி, பத்ரி முகாம் இல்லாமலே ஏற்றப்பட்ட பெற்றோர் யாராவது இருந்தால், ரசீதையும் அட்டவணையையும் அழித்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.