மூடி போட்ட வேர்த்தட்டும் வேர் ஊக்கிப் பவுடரும்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

குச்சி வெட்டி நட்டுச் செடி பெருக்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களை வாங்குகிறார்கள். ஒன்று, கண்ணாடி போன்ற மூடியுள்ள பிளாஸ்டிக் தட்டு. இன்னொன்று, வேர் ஊக்கிப் பவுடர். செம்பருத்தி, ரோஜா, மல்லிகை, இட்லிப்பூ, வண்ண இலைகளுள்ள கோலியஸ் என்று பல செடிகளுக்கு இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்திவருகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசைப் போடுவதென்றால் மூடியில் போடுங்கள், பவுடரெல்லாம் அப்புறம்.

காரணம் எளிது. வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை, ஆனால் இலை இருக்கிறது. இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும், போன அளவுக்கு உள்ளே ஏறாது. வேர் விடும்வரை குச்சி காயாமல் இருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றே ஈரமாக இருக்க வேண்டும். மூடி அதைத்தான் செய்கிறது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஈர மண்ணில் ஒரு பெரணி தானாக வளர்வதைக் கவனித்தார். அதை வைத்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் 1833-இல் லண்டனிலிருந்து சிட்னிவரை செடிகள் மாதக்கணக்கில் கப்பலில் போய் உயிரோடு இறங்கின. நம் தட்டு அந்தப் பெட்டியின் சின்ன வடிவம்தான்.

மூடி வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். குட்டையான மூடியில் இலை மேலே முட்டும். முட்டிய இடத்தில் நீர்த்துளி தேங்கி, இரண்டு மூன்று நாளில் இலை பழுப்பாகிச் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். குச்சிக்கு மேல் நாலு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். மேலே திருகித் திறக்கும் காற்றுத்துளை உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. என்னிடம் உள்ளவற்றில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி சீக்கிரமே மஞ்சள் பூத்து, மூலையில் விரிசல் விட்டுவிட்டது. கொஞ்சம் கனமானது இன்னும் அப்படியே இருக்கிறது. எந்த மூடியானாலும் நேர் வெயிலில் வைக்கக் கூடாது. வெளியே மிதமான சூடுதான் என்று நினைப்போம், உள்ளே இலை வெந்துபோயிருக்கும். நிழலான, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடமே சரி.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். கற்பூரவல்லி, ஜெரேனியம், கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்கு மூடி வேண்டாம். தேவையான நீரைத் தண்டிலேயே வைத்திருக்கும் இவை, மூடினால் அழுகிப்போகும்.

இனி பவுடர். பெரும்பாலானவற்றில் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐபிஏ. செடி தன் நுனிக்கொழுந்தில் தானே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வகையைச் சேர்ந்தது. வேரைத் தூண்டும் அதன் தன்மை 1935-லேயே கண்டறியப்பட்டு, இன்றுவரை நாற்றங்கால்களில் புழங்குகிறது. டப்பாவில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: இளந்தண்டுக்கு 0.1, பாதி முற்றியதற்கு 0.3, முற்றிய கட்டைக்கு 0.8 என்பது பொதுவான கணக்கு. அதிகம் போட்டால் அதிகம் வேர் வரும் என்பதில்லை. இளந்தண்டில் கூடுதலாகப் போட்டால் அடி கறுத்துப்போகும். கோலியஸ், மணிபிளாண்ட் போன்றவற்றுக்குப் பவுடரே தேவையில்லை. ரோஜாவிலும் காகிதப்பூவிலும்தான் நான் தெளிவான வித்தியாசம் பார்த்தேன். பவுடர் இல்லாத குச்சியில் ஒரு பக்கமாக ஒன்றிரண்டு வேர் நீளும், பவுடர் தொட்டதில் அடியைச் சுற்றி வளையமாக வேர் வரும். அந்த வளைய வேருள்ள செடி தொட்டிக்கு மாற்றிய பிறகு காற்றுக்கு ஆடாமல் நிற்கிறது.

குச்சியை நேராக டப்பாவுக்குள் விடாதீர்கள். ஈரமும் நோய்க்கிருமியும் உள்ளே போய் மொத்தப் பவுடரும் கெடும். தேவையானதைத் தாளில் தட்டி, தொட்டு, அதிகமானதை உதறிவிட்டு, மீந்ததைக் கொட்டிவிடலாம். நடும்போது முதலில் பென்சிலால் குழி போட்டுக்கொண்டு குச்சியை வைக்க வேண்டும். அழுத்திச் சொருகினால் பவுடர் மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். டப்பாவை ஈரமும் வெளிச்சமும் படாமல் வையுங்கள். கட்டி தட்டிய பவுடரை நம்ப வேண்டாம்.

குச்சி விஷயத்தில் நான் விடாமல் பின்பற்றுவது இவைதான். காலையில், செடி நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்போது வெட்டுகிறேன். பூவும் மொட்டும் இல்லாத கிளையில் ஒரு சாண் அளவு போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே, ஸ்பிரிட்டால் துடைத்த பிளேடால் வெட்டுகிறேன். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே உள்ள பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கிவிட வேண்டும். நடுவதற்குக் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (எரிமலைப் பாறையைப் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) சமபங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசியே பயன்படுத்துகிறேன். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். அதற்கு மேல் ஈரமிருந்தால் அடியில் காற்று போகாது, தண்டு கொழகொழவென்று அழுகும். மூடி இருப்பதால் தினமும் நீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை.

புதிய துளிரைப் பார்த்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ரோஜாவில் இதை அடிக்கடி பார்க்கலாம். தண்டில் சேர்ந்திருக்கும் சத்தை வைத்தே இரண்டு இலை தளதளவென்று விட்டுவிடும், கீழே வேர் ஒரு மயிரளவுகூட இருக்காது. மண்ணுக்குள் நடப்பதே வேறு. வெட்டிய அடி முதலில் வெளிறிய தழும்பு போலத் தடிக்கும். அப்புறம்தான் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முனைகள் வெளியே வரும். கோலியஸில் இது பத்து நாளுக்குள் முடிந்துவிடும், செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். ஊடுருவிப் பார்க்கக்கூடிய டம்ளரில் நட்டால் பிடுங்கிப் பார்க்கும் ஆசை வராது. இல்லாவிட்டால் மெதுவாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள், பிடிமானம் தெரிந்தால் வேர் இருக்கிறது.

வேர் வந்த செடிகூடச் சாகிற இடம் ஒன்று உண்டு: மூடியை ஒரேயடியாக எடுக்கும் நாள். ஈரக்காற்றிலேயே விரிந்த இலைக்கு நீரைத் தடுத்து நிறுத்தும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. முதலில் காற்றுத்துளையை மட்டும் திறக்கிறேன். ஓரிரு நாள் கழித்து மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறேன், அப்புறம் பகலில் சில மணி நேரம் எடுத்துவைக்கிறேன். இலை தொய்ந்தால் திரும்ப மூடிவிடுவேன். ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் ஆகட்டும். உரமும் அதற்குப் பிறகுதான், அதுவும் பாதி அளவில்.

ஒன்றிரண்டு குச்சிதான் நடப்போகிறீர்கள் என்றால் தட்டுகூட வேண்டாம். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள், அதன் திருகுமூடியே காற்றுத்துளை. அடிக்கடி நடுபவர்கள் உயரமான, கனமான மூடியுள்ள தட்டை வாங்கலாம். ரோஜா, காகிதப்பூ போன்ற பிடிவாதக்காரச் செடிகளில் ஆர்வம் வந்த பிறகு 0.3 சதவீதப் பவுடர் ஒரு சின்ன டப்பா வாங்கினால் போதும்.