நெக்சஸ்ஃபான்ட்: வீட்டுக் கணினியில் குவிந்த தமிழ் எழுத்துருக்களுக்கு ஓர் இலவச மென்பொருள்

தமிழில் தட்டச்சு செய்யும் பழக்கமுள்ள வீடுகளின் கணினியில் எழுத்துருக்கள் கணக்கில்லாமல் சேர்ந்துவிடுகின்றன. கல்யாணப் பத்திரிகைக்காக டி.டி.பி. கடையில் பென் டிரைவில் வாங்கிவந்த தொகுப்பு, பழைய கோப்பு ஒன்றைத் திறப்பதற்காக இறக்கிய பாமினி, பிள்ளைகள் பள்ளித் திட்டப்பணிக்காகக் கண்ட தளங்களிலிருந்தெல்லாம் இறக்கிய அலங்கார எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடுதான் உள்ளே வருகிறது. காரணம் தீர்ந்த பிறகு வெளியே போவது மட்டும் நடப்பதில்லை. சில ஆண்டுகளில் வேர்டின் எழுத்துருப் பட்டியல் முடிவில்லாமல் நீண்டு, வேண்டிய ஒன்றைத் தேடுவதே தனி வேலையாகிவிடுகிறது. இந்தக் குவியலைப் பிரித்து ஒழுங்குபடுத்துவதற்காக நெக்சஸ்ஃபான்ட் என்னும் இலவச விண்டோஸ் மென்பொருளைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். தோற்றத்தில் மிகப் பழையதாக இருந்தாலும், தமிழ் எழுத்துருக்களுக்கே உரிய ஒரு சிக்கலை இதைவிடப் புதிய, பகட்டான மென்பொருள்களைக் காட்டிலும் இது எளிதாகக் கையாள்கிறது என்பது என் முடிவு.

விண்டோஸிலேயே எழுத்துருக்களுக்கான பக்கம் இருக்கும்போது தனி மென்பொருள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டு முதல் செட்டிங்ஸில், பெர்சனலைசேஷன் பகுதிக்குள், எழுத்துருக்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் மாதிரி வரியைப் பார்க்கலாம், வேண்டாததை நீக்கலாம், மொழிவாரியாக வடிகட்டவும் செய்யலாம். பழைய கன்ட்ரோல் பேனலில், நம் மொழி அமைப்புகளுக்குத் தொடர்பில்லாத எழுத்துருக்களை மறைத்துவைக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் மறைத்ததை வேர்டு போன்ற மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை; அவை தங்கள் பட்டியலில் எல்லாவற்றையும் காட்டத்தான் செய்கின்றன. மொழிவாரி வடிகட்டியோ தமிழரைப் பொறுத்தவரை பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அமைந்த லதாவையும் நிர்மலா யூஐயையும் அது தமிழ் என்று அறியும், பாமினியை அறியாது. பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை என்பதால், கணினியின் கண்ணுக்கு அவை ஏரியல், டைம்ஸ் வரிசையைச் சேர்ந்த ரோமன் எழுத்துருக்களே.

எனவே தமிழ் எழுத்துருக்களைப் பிரிக்கும்போது அழகையோ தடிமனையோ பார்ப்பதற்கு முன்னால் குறியாக்கத்தை, அதாவது எந்த எண்ணுள்ள இடத்தில் எந்த எழுத்து என்ற ஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டும். பாமினி அமைப்பு ஒன்று, டிஸ்கி ஒன்று, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இரண்டு, இவை போதாதென்று ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளோடு கொடுத்த தனிக் குறியாக்கங்கள், இவை எல்லாவற்றுக்கும் பிறகு யூனிகோடு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்னும் பதினாறு பிட் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்த பிறகும், அச்சகங்களிலும் பழைய கோப்புகளிலும் மற்றவை உயிரோடுதான் இருக்கின்றன. கோப்பின் பெயரை வைத்தே சிலவற்றை இனங்காணலாம். டாம், டாப் என்று பெயர் தொடங்கினால் ஐயமில்லை. பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது.

நெக்சஸ்ஃபான்ட் கை கொடுப்பது இங்கேதான். மேலே உள்ள பெட்டியில் நாம் எதைத் தட்டினாலும், கீழே உள்ள அத்தனை எழுத்துருக்களிலும் அதே வரி ஒன்றன்கீழ் ஒன்றாக உடனே தோன்றுகிறது. ஆங்கில விசைப்பலகையில் சிறிய எழுத்தில் ஜே, கே, பி, ஓ என்று தட்டி, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளியையும் இட்டால் போதும். பாமினி அமைப்பைப் பின்பற்றும் எழுத்துரு எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் அந்த வரிசையில் ‘தமிழ்’ என்று பளிச்சென்று தெரியும். மற்றவற்றில் ஆங்கில எழுத்துகளோ பொருளற்ற தமிழ்த் துண்டுகளோ வரும். டாப் எழுத்துருக்களில் ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருக்கும், ஏனென்றால் அவற்றில் தமிழ் வடிவங்கள் 128-க்கு மேற்பட்ட இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. அப்படிப்பட்டவற்றை எழுத்து அட்டவணையைத் திறந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். இந்த ஒரு சோதனையிலேயே குவியலில் பெரும்பகுதி இனம் பிரிந்துவிடுகிறது.

யூனிகோடு எழுத்துருக்களுக்கு வேறு சோதனை வரி வேண்டும். ‘கௌ’, ‘ஹூ’, ‘க்ஷ’, ‘ணை’ ஆகியவற்றோடு ரூபாய்க் குறியையும் சேர்த்து ஒரு வரியை வைத்துக்கொள்வது நல்லது. இந்திய ரூபாய்க் குறி 2010-இல்தான் ஏற்கப்பட்டு யூனிகோடில் இடம்பெற்றது. அதற்கு முன் செய்யப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்படாத எழுத்துருக்களில் அது இருக்காது. ‘ஶ’ எழுத்தும் 2005-இல்தான் யூனிகோடின் தமிழ்ப் பகுதிக்குள் வந்தது. கோயில் அழைப்பிதழ் அடிப்பவர்களுக்கு அது இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: எழுத்துருவில் இல்லாத எழுத்தை விண்டோஸ் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து நிரப்பிவிடக்கூடும். ஆகவே பத்துப் பன்னிரண்டு வரிசைகளில் தமிழ் அச்சு அசலாக ஒரே முகத்தோடு தெரிந்தால், அவை தமிழே இல்லாத எழுத்துருக்கள் என்று கொள்ளலாம்.

பிரித்ததை வைத்துக்கொள்ள ‘செட்’ என்னும் தொகுதிகள் உள்ளன. பாமினிக்கு ஒன்று, டிஸ்கிக்கு ஒன்று, யூனிகோடு உரைநடைக்கு ஒன்று, தலைப்புகளுக்கு ஒன்று என்று உருவாக்கி, எழுத்துருக்களை இழுத்துப் போடலாம். இழுத்துப் போடுவதால் கோப்பு இடம் மாறுவதில்லை. ஒரே எழுத்துரு இரண்டு தொகுதிகளில் இருக்கவும் தடையில்லை. டிஎஸ்சியு பரணர் போல டிஸ்கி, யூனிகோடு இரண்டும் சேர்ந்த எழுத்துருக்களுக்கு இது மிகவும் வசதி. குறிச்சொல் இடும் வசதியும் இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்குத் தொகுதிகளே போதுமென்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

இந்த மென்பொருளின் உண்மையான பலம், எழுத்துருவை நிறுவாமலே பயன்படுத்தவிடுவது. வன்தட்டில் ஒரு தனி ஃபோல்டரில் எல்லாவற்றையும் வைத்து, அதை இதில் சேர்த்துவிட்டால், நெக்சஸ்ஃபான்ட் திறந்திருக்கும் வரை அந்த எழுத்துருக்கள் வேர்டிலும் பிற மென்பொருள்களிலும் கிடைக்கும், மூடியதும் மறைந்துவிடும். சில மென்பொருள்களை மட்டும் ஒருமுறை மூடித் திறக்க வேண்டியிருக்கும். பழைய குறியாக்க எழுத்துருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. அவற்றை அழித்துவிடலாம் என்று சொல்பவர்கள் பழைய கோப்புகளை மறந்துவிடுகிறார்கள்: பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு பெரும்பாலும் உள்ளேயே பொதிந்திருக்கும், ஆனால் வேர்டு கோப்பில் பொதுவாக அப்படி இருக்காது. பாமினி இல்லாத கணினியில் தாத்தா எழுதிய குடும்ப வரலாறு வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் திறக்கும். அவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகளால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்றாலும், மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது பழைய எழுத்துரு வேண்டும். எனவே பழையவை வட்டில் இருக்கட்டும், விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரில் இருக்க வேண்டாம் என்ற நிலைதான் சரி; அதை நெக்சஸ்ஃபான்ட் எளிதாக்கித் தருகிறது. நிறுவாமலே இயங்கும் பென் டிரைவ் பதிப்பும் இதற்கு உண்டு.

இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் வசதி பயனுள்ளதுதான், ஆனால் அதன் பேச்சைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கக் கூடாது. ஒரே பெயரில் கோப்பு மறுபடி நிறுவப்படும்போது விண்டோஸ் அதன் பெயரோடு அடிக்கோடும் சுழியமும் சேர்த்து இன்னொரு பிரதியாக வைத்துக்கொள்ளும். அத்தகைய பிரதிகளைத் தாராளமாக நீக்கலாம். அதே எழுத்துரு டிடிஎஃப், ஓடிஎஃப் என்று இரண்டு வடிவங்களில் இருந்தால் ஒன்று போதும். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தும் பதிப்பு வேறாக இருக்கலாம். புதிய பதிப்பில் ரூபாய்க் குறி இருக்கும், பழையதில் இருக்காது. கோப்பின் பண்புகளைத் திறந்து, அளவையும் பதிப்பு எண்ணையும் பார்த்த பிறகே ஒன்றைக் கழிக்க வேண்டும். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி எத்தனையோ கை மாறிப் பரவியிருப்பதால், அதே பெயரில் சற்றே வேறுபட்ட கோப்புகள் கிடைப்பது வியப்பில்லை.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வந்த ஒரு மாற்றமும் இரட்டைகளைப் பெருக்குகிறது. அதற்கு முன் எந்த எழுத்துருவை நிறுவினாலும் சி டிரைவில் விண்டோஸுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்கே போகும். இப்போது வெறுமனே ‘இன்ஸ்டால்’ என்று அழுத்தினால், அந்தப் பயனரின் தனி ஃபோல்டருக்குள் போகிறது. வலது சொடுக்கில் ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதைத் தேர்ந்தால்தான் பழைய இடத்துக்குப் போகும். ஒரே கணினியை அப்பாவும் மகளும் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்தும் வீட்டில் ஒரே எழுத்துரு இரண்டு மூன்று இடங்களில் கிடப்பது இதனால்தான். சுத்தம் செய்பவர் இரு இடங்களையும் பார்க்க வேண்டும்.

எதை நீக்கக் கூடாது என்று நெக்சஸ்ஃபான்ட் சொல்லித் தருவதில்லை. இது அதன் பெரிய குறை. சீகோ யூஐ, தஹோமா, மார்லெட், மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் ஆகியவை விண்டோஸின் சொந்தத் தேவைக்கானவை. பலவற்றை விண்டோஸே நீக்கவிடாமல் காக்கும் என்றாலும், நாமாகவே ஒதுங்கியிருப்பது நல்லது. நிர்மலா யூஐயும் அந்த வரிசையில் வைக்க வேண்டியது, ஏனென்றால் திரையில் காணும் தமிழுக்கு விண்டோஸ் 8 முதல் அதுவே அடிப்படை. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10-இல் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்புக்குப் போய்விட்டன. பழைய கோப்புகள் லதாவில் இருந்தால், கண்ட தளத்திலிருந்து இறக்காமல், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் உள்ள தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்வதே முறை.

மற்ற குறைகளில் முதலாவது, உதவிக் குறிப்புகள் மிகச் சொற்பம்; நாமே தட்டித் தடவித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே எழுத்துருக் கோப்பில் தடிமனைக் கூட்டிக் குறைக்கும் புதிய வகைகளுக்கு இதில் எந்தக் கருவியும் இல்லை. அனெக் தமிழ் போன்றவற்றை விரும்புபவர்கள் ஏமாற்றமடைவார்கள். ஆயிரக்கணக்கில் எழுத்துருக்களைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொருமுறை திறக்கும்போதும் காத்திருக்க வேண்டியும் வரும்.

இதற்கு மாற்றாகப் பலரும் சொல்வது ஃபான்ட்பேஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது, பார்வைக்கு அழகாக இருக்கிறது, கூகுள் ஃபான்ட்ஸ் தொகுப்பு உள்ளேயே கிடைக்கிறது. அடிப்படைப் பதிப்பு இலவசம், கூடுதல் வசதிகளுக்குச் சந்தா. கட்டமரான், முக்த மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை என்று யூனிகோடு எழுத்துருக்களை மட்டும் பயன்படுத்தும் இளைய தலைமுறைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அது இணைய உலாவியின் எஞ்சின்மேல் கட்டப்பட்டது. இல்லாத எழுத்துக்கு வேறோர் எழுத்துருவைப் போட்டு நிரப்புவது உலாவிகளின் இயல்பு என்பதால், தமிழ் இருக்கிறதா இல்லையா என்று பார்வையால் தீர்மானிப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் அவசரத் தேவையில்லை. அதிலுள்ள ஃபான்ட் புக்கே தொகுதிகளையும் இரட்டைகளையும் கவனித்துக்கொள்கிறது. முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி போன்ற தரமான தமிழ் எழுத்துருவும் மேக்கோடு சேர்ந்தே வருகிறது.

நெக்சஸ்ஃபான்ட்டை முதன்முறை பயன்படுத்துபவர்கள், நிறுவியுள்ள அத்தனை எழுத்துருக்களையும் வேறொரு வட்டில் பிரதியெடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். வேர்டு உள்ளிட்ட மென்பொருள்களை மூடிவைத்துவிட்டு நீக்க வேண்டும், ஏனென்றால் பயன்பாட்டில் இருக்கும் எழுத்துருவை விண்டோஸ் நீக்கவிடாது. எல்லாம் முடிந்த பின்னும் நீக்கிய பெயர்கள் பட்டியலில் தொடர்ந்தாலோ எழுத்துகள் சிதைந்து தெரிந்தாலோ, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்க்கலாம். அப்போதும் சரியாகாவிட்டால், சர்வீசஸ் பட்டியலில், எழுத்துரு விவரங்களைச் சேமித்துவைக்கும் விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சேவையை நிறுத்தி, லோக்கல் சர்வீஸ் கணக்கின் ஃபான்ட்கேஷ் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை அழித்துவிட்டு, சேவையை மீண்டும் தொடங்கினால், விண்டோஸ் புதிய பட்டியலைத் தானே எழுதிக்கொள்ளும்.