நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம்: பன்னிரண்டு வாரப் பயன்பாட்டுக்குப் பின்

பத்தொன்பது ஆண்டுகள் புகைத்த நான், அதை விடுவதற்காகத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சையும் நிகோடின் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கிப் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன. இதற்கு முன் இரண்டு முறை சூயிங்கத்தை மட்டும் வாங்கி, ஒரே வாரத்தில் பலனில்லை என்று முடிவுகட்டிச் சிகரெட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். அப்போது நான் குறையாகக் கண்டதுதான் இந்தப் பொருளின் உண்மையான பயன் என்பது இம்முறைதான் விளங்கியது.

அந்தக் குறை, மெதுவாக வேலை செய்வது. புகையை உள்ளிழுத்தால் நிகோடின் 10 முதல் 20 நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்னும் நரம்புக் கடத்திக்கு உரிய ஏற்பிகளில், அதாவது நரம்பணுக்கள் செய்தியை வாங்கும் இடங்களில், அது அமர்ந்துகொள்ள, நடுமூளையின் நரம்பணுக்கள் தூண்டப்பட்டு டோபமைன் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. செயலுக்கும் விளைவுக்கும் இடையே உள்ள நேரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு இறுக்கமாக மூளை இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. சூயிங்கத்தில் அதே நிகோடின் வாயின் உட்தோல் வழியாகக் கசிந்து, இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறத்தாழ அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பேட்ச்சுக்கோ பல மணி நேரம் தேவைப்படுகிறது. மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் அடிமைப்படுத்தும் வேகம் இவற்றில் இல்லை.

டோபமைனை இன்பம் தரும் வேதிப்பொருள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்துக்கு அது ஒருபோதும் பொருந்தியதில்லை. கடைசி ஆண்டுகளில் நான் புகைத்த சிகரெட்டுகளில் பெரும்பாலானவை எந்த இன்பத்தையும் தரவில்லை. வேண்டும் என்ற உந்துதல் மட்டும் இம்மியும் குறையவில்லை. ஒன்றை ரசிப்பதும் அதற்காக ஏங்குவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்றும், டோபமைனுக்கு ஏக்கத்தோடுதான் நெருங்கிய உறவு என்றும் கென்ட் பெரிட்ஜ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த கருத்தைப் படித்தபோது, என் மீதே எனக்கிருந்த வெறுப்பு ஓரளவு தணிந்தது.

என் முதல் இரண்டு தோல்விகளுக்கு மென்ற முறையும் ஒரு காரணம். சாதாரணச் சூயிங்கத்தைப் போல விடாமல் மென்றால் நிகோடின் உமிழ்நீரோடு வயிற்றுக்குள் போய், விக்கலையும் நெஞ்செரிச்சலையும் தந்துவிட்டு, பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். காரம் தெரியும்வரை மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபியும் குளிர்பானமும் வாயில் அமிலத்தைக் கூட்டி நிகோடின் உட்கிரகிப்பைத் தடுப்பதால், அவற்றுக்குப் பின் 15 நிமிடங்களாவது பொறுக்க வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் இந்தச் செய்திகள், எறும்பளவு எழுத்தில் அச்சிட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் கிடந்தன. இந்தப் பொருளின் வெற்றி தோல்வி இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது என்பதால், அதை அப்படிப் புதைத்து வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேட்ச்சைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. முதல் ஆறு வாரங்களுக்கு 21 மி.கி., பின்னர் இரண்டிரண்டு வாரங்கள் 14, 7 மி.கி. என்று இறங்கினேன். ஒட்டிய இடம் சிவந்தது. இடத்தை நாள்தோறும் மாற்றியதும் சரியாயிற்று. இரவிலும் ஒட்டியிருந்ததால் கண்ணெதிரே நடப்பது போன்ற கனவுகள் வந்து தூக்கம் கெட்டது. படுக்கும் முன் கழற்றிவிட்டேன்.

பேட்ச் எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மனநிலையைப் பற்றி. நிகோடினின் அளவு இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. நெடுநாள் புகைத்தவரின் மூளையிலோ அதற்கான ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சிடுசிடுப்பும் கவனச் சிதறலும் எழுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கும்போது, அதுதான் நம்மை அமைதிப்படுத்துகிறது என்று நம்பிவிடுகிறோம். நான் முன்கோபக்காரன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். பேட்ச் நாள் முழுவதும் ஒரே சீராக நிகோடினைத் தந்துகொண்டிருந்த மூன்றாவது வாரத்தில், அந்தக் கோபத்தின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. இத்தனை ஆண்டுகள் என் குணம் என்று நினைத்து மற்றவர்களை வதைத்தது நிகோடினின் ஏற்ற இறக்கம்தானா என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆனாலும் இவை சிகரெட்டின் முழு மாற்று அல்ல. உணவு முடிந்த கணமும் நீண்ட தொலைபேசி உரையாடலும் கிளப்பிவிடும் ஏக்கத்தைப் பேட்ச் தொடுவதே இல்லை. அங்கேதான் சூயிங்கம் கைகொடுக்கிறது. மேலும், புகையில் நிகோடின் மட்டும் இல்லை. புகைப்பவர்களின் மூளையில் டோபமைனைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.-பி என்னும் நொதி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருப்பதை 1996இல் ஜோவன்னா ஃபவுலர் குழுவினர் கண்டறிந்தார்கள். அந்த விளைவைச் சூயிங்கம் தருவதில்லை. முதல் வாரங்களில் உணரும் வெறுமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு செய்தியை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிட்டிருக்கும்; புகை நின்றதும் அந்த நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடுவதால், வழக்கமான காபியே இரட்டிப்பாக ஏறிப் படபடப்பைத் தருகிறது. அதை நிகோடின் ஏக்கம் என்று எண்ணி நான் ஒரு வாரம் தவித்தேன். குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகளின் அளவும் இதே காரணத்தால் உடலில் உயரக்கூடும் என்பதால், அவற்றை உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் தெரிவித்துவிட்டே புகையை விட வேண்டும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் பேட்ச்சையோ சூயிங்கத்தையோ தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

தனியாகச் சூயிங்கம் மட்டும் வாங்க எண்ணுவோருக்கு, இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள் என்பேன். ஆய்வுகளும் அந்தச் சேர்க்கைக்கே கூடுதல் வெற்றி காட்டுகின்றன. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்கள் 4 மி.கி. சூயிங்கத்தை எடுக்க வேண்டும். என் பழைய தோல்விகளில் நான் வாங்கியது 2 மி.கி.தான். இப்போது பேட்ச் முடிந்துவிட்டது. இரவு உணவுக்குப் பின் ஒரு 2 மி.கி. சூயிங்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை நிறுத்துவதில் நான் அவசரம் காட்டவில்லை.