டிடக்டிபிள் அதிகம், பிரீமியம் குறைவு: சர்க்கரை நோயாளிக்கு இந்த பாலிசி சரிவருமா?

பிரீமியம் குறைவு என்பதற்காகவே டிடக்டிபிள் அதிகமான மருத்துவக் காப்பீட்டை எடுப்பவர்கள் நிறைய. வருடத்தின் தொடக்கத்தில் வரும் செலவை ஒரு வரம்பு வரை நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் போனால்தான் கம்பெனி கட்டும்; அந்த வரம்புதான் டிடக்டிபிள். விபத்துக்கும் திடீர் அறுவை சிகிச்சைக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். சர்க்கரை நோயின் செலவோ மாதம் தவறாமல் வருவது. இடிப்பது அங்கேதான்.

வரம்பு தீராத மாதங்களில் முதலில் தள்ளிப்போவது வலி தெரியாத பரிசோதனைகள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு, 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவை வருடத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். கண்ணும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பாதத்தில் உணர்வு போனவருக்குப் புண் வந்ததே தெரியாது. டயாலிசிஸுக்குப் பணம் தரும் பாலிசி, ஆல்புமின் டெஸ்டுக்குத் தராமல் இருப்பது கொடுமை.

1993இல் வெளியான டிசிசிடி என்ற சர்க்கரை நோய் ஆய்வில், டைப் 1 நோயாளிகள் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை பாதிப்பு தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அந்தப் பலன் கைக்கு வரப் பல வருடம் பிடித்தது. பாலிசியோ வருடா வருடம் புதுக்கணக்கு போடுகிறது.

'தடுப்புப் பரிசோதனை இலவசம்' என்ற வரியை நம்பிவிட வேண்டாம். நோய் இருக்கிறதா என்று பார்க்கச் செய்யும் டெஸ்ட்தான் பல பாலிசிகளில் இலவசம். நோய் உறுதியான பிறகு அதே டெஸ்ட் 'நோய்க் கண்காணிப்பு' என்று பில்லாகி டிடக்டிபிளுக்குள் போய்விடும். சுமார் 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட், கட்டுக்குள் இருந்தால் வருடத்துக்கு 2 முறை, இல்லையென்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்த அடி திரும்பத் திரும்ப விழும்.

மாதத்துக்கு இவ்வளவு இன்சுலின்தான் என்று கம்பெனி வைக்கும் அளவு வரம்பை அவசியம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மில்லி பேனாவில் 300 யூனிட். காலையும் இரவுமாக ஒரு நாளைக்கு 40 யூனிட் போடுகிறவர், காற்றை வெளியேற்றி, ஊசி வழியே மருந்து வருகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட வேண்டும்; இதற்குப் பெயர் பிரைமிங். ஆக நாளுக்கு 44, மாதத்துக்கு 1,320 யூனிட். கம்பெனி 40ஐ மட்டும் 30ஆல் பெருக்கி 4 பேனா அனுமதித்தால் கடைசி 3 நாளுக்கு மருந்து இருக்காது. அந்த 3 நாளை ஓட்ட டோஸைக் குறைப்பார்கள், அல்லது காற்றை வெளியேற்றாமலே போட்டுக்கொள்வார்கள். இரண்டுமே ஆபத்து. மருத்துவர் சீட்டில் 'பிரைமிங் சேர்த்து நாளுக்கு 44 யூனிட்' என்று எழுதி வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். டோஸ் மிகக் குறைவானவருக்குச் சிக்கல் வேறு: பல வகைப் பேனாக்களைத் திறந்த 28 நாளில், மீதி இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். யூனிட்டை மட்டும் எண்ணும் விதி அதைப் பார்ப்பதில்லை.

'முதலில் மெட்ஃபார்மின் மாத்திரை, பலிக்காவிட்டால்தான் அடுத்த மருந்து' என்று கம்பெனி வைக்கும் படிமுறை விதி பெரும்பாலோருக்கு நியாயமானதே. ஆனால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 30க்குக் கீழே இருப்பவருக்கு மெட்ஃபார்மின் கொடுக்கவே கூடாது. ரிப்போர்ட்டை இணைத்து விலக்குக் கேட்க வழி இருக்கிறதா, எத்தனை நாளில் பதில் வரும் என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு நம் பங்கு நிலையான தொகையாக இருந்தால் நல்லது. சதவீதமாக இருந்தால் விலை ஏறும்போதெல்லாம் நம் பங்கும் ஏறும்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து, எச்பிஏ1சி நிலையாக இருந்து, டிடக்டிபிள் தொகையைத் தனியே எடுத்து வைக்க முடிகிறவர் இதை எடுக்கலாம். இன்சுலின் போடுகிறவருக்கு எங்கள் பதில், வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: இன்சுலின், ஸ்ட்ரிப், எச்பிஏ1சி, கண் பரிசோதனை நான்கும் டிடக்டிபிளுக்கு முன்பே கிடைக்கும் என்று பாலிசிப் பத்திரத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வது கிளைம் மேசையில் செல்லாது.